கடல் நடுவே ஒரு கரும்பலகை

ஜப்பான்காரன் குண்டு போடுவதற்கு ஆறேழு வருஷம் முந்தி பினாங்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் குயின் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலாக் கடை. மாடியில் ஏறி வருகிறவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டேதான் வருவார்கள். கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். எங்கள் இரண்டு பேரையும் கூட்டி இரண்டால் வகுத்தால்தான் ஒரு சாதாரண மனுஷன் கிடைப்பான் என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

சில ஆண்பிள்ளைகள் கள்ளுக்கடைக்குப் போவார்கள், சிலர் குதிரை ரேஸுக்குப் போவார்கள். என்னுடையவர் எண்களிடம் போவார். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் மறுபடி கணக்கு. பலகாரக் கடைக்காரன் வீட்டில் போய்ப் பலகாரமா தின்பான் என்று கேட்டால், ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு மறுபடி பென்சிலை எடுப்பார்.

அவருக்கு ஜப்பானில் ஒரு சிநேகிதர் இருந்தார். நேரில் பார்த்ததே கிடையாது. அங்கே பெரிய கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியர், இவரைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஏதோ ஒரு கணிதப் பத்திரிகையில் இவர் கேட்டிருந்த கேள்விக்கு அவர் பதில் எழுதப்போய், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்த பழக்கம். கடிதம் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும். முதலில் அந்த ஊர் மழையைப் பற்றி இரண்டு வரி. அப்புறம் பக்கம் பக்கமாகக் கணக்கு. கடைசியில், "உங்கள் மனைவியார் நலமாக இருக்கிறார்களா?" என்று தவறாமல் ஒரு வரி.

அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பேன். பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையால் சோறு தின்கிற மனுஷன் ஒருநாள்கூட என்னை நலமா என்று கேட்டதில்லை. முகம் தெரியாத ஒருத்தர் கடல் தாண்டிக் கேட்கிறார். "பதில்ல எழுதுங்க, நலமில்ல, வீட்டுக்காரரு பேச மாட்டேங்கிறாருன்னு எழுதுங்க" என்பேன். இவர் எழுதியது என்னவோ, யார் கண்டது?

கடிதத்திலேயே இரண்டு பேருமாகச் சேர்ந்து எண்களுக்கு ஒரு சட்டம் கண்டுபிடித்தார்கள். அது என்ன சட்டம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஒரு குறிப்பிட்ட வகை எண்களில் எதை எடுத்துச் சோதித்தாலும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஏன் அப்படி நடக்கிறது என்பதையும் நிரூபித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அந்தப் பெரியவர் அதைப் பத்திரிகையில் போட்டார். சீமையில் இருந்த ஒரு பெரிய கணித சங்கம் அதைப் பார்த்துவிட்டு, "நேரில் வாருங்கள், எங்கள் சபையில் விளக்குங்கள், தங்கப் பதக்கம் தருகிறோம்" என்று அவரை அழைத்தது. சங்கத்தின் பெயர் என் வாயில் நுழையாது. நுழைந்தாலும் வெளியே வரும்போது வேறு பெயராக வரும்.

அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. அந்தப் பெரியவர், "இதில் முக்கியமான படி உங்களுடையது, பதக்கம் உங்களுக்கும் சேர்த்துத்தான், சபையில் உங்கள் பெயரையும் சொல்வேன்" என்று எழுதினார். இவர், "ஐயோ, வேண்டாம், நான் செய்தது ஒன்றுமில்லை" என்று எழுதினார். அவர், "இல்லை, உங்களுடையதுதான்" என்றார். இவர், "இல்லவே இல்லை" என்றார். ஒரு கடிதம் போய் இன்னொன்று வர மாசக்கணக்கில் ஆகும் காலம். கல்யாணப் பந்தியில் இரண்டு பெரிய மனுஷர்கள் "நீங்க மொதல்ல உக்காருங்க", "இல்ல, நீங்க" என்று நின்றுகொண்டே இருக்க, இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி பதக்கம் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் என் தொல்லை தாங்காமல் இவர் சரி என்று எழுதிப் போட்டார்.

உடனே பதில் வந்தது. கப்பல் ஏறப்போவதாகவும், சீமைக்குப் போகிற வழியில் கப்பல் பினாங்கில் ஒரு பகல் நிற்கும் என்றும், அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு கோப்பைத் தேநீர் குடிக்க அனுமதி வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அனுமதியாமே! தெருவில் போகிறவன் எல்லாம் அனுமதி கேட்காமல் தும்மிக்கொண்டே ஏறி வருகிற வீட்டுக்கு!

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? குயின் ஸ்ட்ரீட்டில் காது இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்குச் சீமையில் தங்க மெடல் வருகிறது என்றேன். ஜப்பானிலிருந்து ஒரு பெரிய மனுஷர் இந்த வீடு தேடி வருகிறார் என்றேன். எதிர்வீட்டு அக்கா ஒருத்தி இருந்தாள், வாயில் வெற்றிலையும் கண்ணில் கேலியுமாக. "மெடலு வந்தா கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் பாசாருக்கு மீன் வாங்கப் போவியா?" என்று கேட்டாள். "ஒன் வூட்டுக்காரரு மாதிரி துண்டு போட்டுக்கிட்டா போவேன்?" என்றேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பென்சில் ஓடுகிற சத்தம் எனக்குப் பழக்கம். நின்றால்தான் காதில் விழும். அன்றைக்கு நின்றது. ரொம்ப நேரம் நின்றது. திரும்பிப் பார்த்தால், என் கையில் இருந்த மீனுக்கும் அவர் முகத்துக்கும் வித்தியாசமே இல்லை.

"என்னாங்க, காய்ச்சலா?"

"ஒரு நம்பர் கேக்க மாட்டேங்குது, புள்ள."

"எது கேக்க மாட்டேங்குது?"

"அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். ஒரே ஒரு நம்பரு."

"அத்தன நம்பர்ல ஒன்னே ஒன்னுதானே? ஊருன்னா ஒரு போக்கிரி இருக்க மாட்டானா? விட்டுத் தள்ளுங்க."

"ஊருக்கு ஒரு போக்கிரி இருக்கலாம் புள்ள. எண்ணுல ஒரு போக்கிரி இருந்தா, சட்டமே பொய்."

மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது. சட்டம் பொய் என்றால் பதக்கமும் இல்லை. அது மட்டும் இல்லை. அந்தப் பெரியவர் சீமையில், பெரிய பெரிய தலைகள் உட்கார்ந்திருக்கிற சபையில் எழுந்து நின்று, பொய்யான ஒன்றை மெய் என்று சொல்லப்போகிறார். பிறகு ஒருநாள் வேறு யாராவது இந்த எண்ணைக் கண்டுபிடித்து நீட்டினால், அந்த வயசான மனுஷர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? அதுவும் என் வீட்டுக்காரர் போட்ட படியில் கால் வைத்ததால் வந்த வழுக்கல். ஜப்பானுக்குக் கடிதம் போடலாம் என்றால் அவர் ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டார். கப்பலுக்குத் தந்தி கொடுத்தால் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லலாம், எங்கே தப்பு என்று எப்படிச் சொல்வது? எப்படியும் பினாங்கில் இறங்கத்தானே போகிறார், நேரில் உட்கார வைத்துச் சொல்வதுதான் மரியாதை என்று இவர் முடிவு செய்தார்.

"பேசாம இருந்துட்டா? நமக்கும் அந்த நம்பருக்கும் மட்டுந்தானே தெரியும்?" என்று சும்மா கிண்டிப் பார்த்தேன்.

"அதத்தான் சொல்றேன். அந்த நம்பருக்குத் தெரியும்ல" என்றார்.

என் கேலியையே எடுத்து எனக்குப் போட்டுவிட்டார்.

கப்பல் வருகிற நாளும் வந்தது. விடியற்காலையிலேயே எழுந்து இடியாப்பமும் கோழிக் குருமாவும் செய்து வைத்தேன். எதிர்வீட்டு அக்காவிடமே நல்ல பீங்கான் கோப்பைகளைக் கேட்டு வாங்கினேன். அவள் கேலி பேசினாலும் கோப்பை கொடுக்காதவள் இல்லை. கல்யாணச் சீலையைக் கட்டிக்கொண்டு, மல்லிகை மாலையும் கையுமாக இவரோடு படகுத்துறைக்குப் போனேன்.

கப்பல் வந்திருந்தது. ஆனால் கரைக்கு வரவில்லை, தூரத்திலேயே நின்றது. அதன் உச்சியில் ஒரு மஞ்சள் கொடி.

துறைமுக ஆபீஸில் இருந்த கணக்கு எழுதுகிற தமிழ் கிராணி ஒருத்தர்தான் விவரம் சொன்னார். "டெக்ல வந்த ஒருத்தருக்குப் பெரியம்ம, சார். அவர ஒதுக்கி வைக்க ஜெரஜாக் தீவுக்குக் கொண்டு போயாச்சு. மத்தவங்க யாரும் எறங்கக் கூடாது, நாமளும் ஏறக் கூடாது. பொழுது சாய நங்கூரத்த எடுத்துருவாங்க."

ஒரு சீட்டாவது எழுதிக் கொடுத்தனுப்பலாமா என்று இவர் கேட்டார். சுகாதார அதிகாரியின் படகு காலையிலேயே போய் வந்துவிட்டது, இனி எதுவும் போகாது என்றார் கிராணி.

என் வீட்டுக்காரர் அங்கேயே ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கு எதிரே கப்பல். அதற்குள் அந்த மனுஷர். நடுவில் இத்தனூண்டு கடல். சாயங்காலம் அவர் போய்விடுவார், பொய்யையும் கூடவே கொண்டு போய்விடுவார்.

அப்போது கப்பலில் வேறு வேறு நிறத்தில் கொடிகள் ஏறி இறங்கின. கரையில் ஒருத்தன் பதிலுக்குக் கொடி ஏற்றினான்.

"ஏங்க, அந்தக் கொடிங்க என்னா செய்யுது?"

"கப்பலும் கரையும் பேசிக்குது" என்றார், தலையைத் தூக்காமலே.

"துணியே பேசுது. வாத்தியாரு நீங்க, ஒங்களால பலகையில பேச முடியாதா?"

தலையைத் தூக்கினார். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

கரும்பலகைக்கு எங்கே போவது? சனிக்கிழமை, அவருடைய பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பக்கத்துக் கன்னியாஸ்திரி மடத்தில் ஞானோபதேச வகுப்புக்கு ஒரு பலகை உண்டு என்று எனக்குத் தெரியும். ஓடினேன். தமிழ் தெரிந்த வயசான மதர் ஒருத்தர் இருந்தார்.

"கடல்ல யாருக்கும்மா பாடம்?" என்று கேட்டார்.

"ஒரு ஜப்பான்காரருக்கு, மதர்."

மதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. பலகையோடு சாக்கட்டியும் ஒரு செபமாலையும் சேர்த்துக் கொடுத்து, ஆசீர்வாதமும் பண்ணி அனுப்பினார். நான் பொய் சொல்லவில்லை, அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பலகையில் "சர்வேசுரன் யார்?" என்று பாதி அழிந்த கேள்வி இருந்தது. வழியில் வீட்டுக்குள் நுழைந்து, ஆக்கி வைத்ததை வீணாக்குவானேன் என்று தூக்குச்சட்டியில் இடியாப்பத்தையும் குருமாவையும் எடுத்துக்கொண்டேன்.

படகுக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம், எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மஞ்சள் கொடி என்றதும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"மாட்டேன் வாத்தியாரே. போலீஸ் மாத்தா புடிச்சா லைசென்ஸ் போயிரும். பொறவு நான் மீனுக்குத் துணையா கடல்லதான் படுக்கணும்."

"கிட்டப் போக வேணாம் நானா. எழுத்து கண்ணுக்குத் தெரியிற தூரம் போதும்" என்றேன்.

"எழுத்தா? என்னா எழுத்து?"

"நம்பரு."

நானாவின் கண் அகலமாயிற்று. "நம்பரா? லாட்டரிக்கா, ரேஸுக்கா?"

"அதுக்கெல்லாம் மேல நானா. சீமைக்குப் போற நம்பரு."

"அப்ப எனக்கும் அத ஒரு தடவ சொல்லிருங்கலா" என்று துடுப்பை எடுத்தார்.

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் உயிர்ப் பயம். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றாலே சுற்றிக்கொண்டு போகிறவர். படகின் அடியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். வாய் மட்டும் செபம் சொல்லியதோ, எண்ணைச் சொல்லியதோ, தெரியவில்லை. பலகையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

எழுத்து தெரிகிற தூரத்தில் நானா படகை நிறுத்தினார். கப்பலின் கம்பி ஓரமெல்லாம் தலைகள். எவர் நம் ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கவலைப்பட்டேன். கவலையே தேவையில்லை. கடலுக்குள் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் யாராக இருப்பான்? அந்தக் கூட்டத்தில் குள்ளமாக, கறுப்புக் கோட்டு போட்ட ஒரு மனுஷர் தொப்பியைக் கழற்றி, சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டினார். பிறகு உள்ளே ஓடினார். திரும்பி வரும்போது, கப்பலில் விளையாடுகிறவர்களுக்குப் புள்ளி எழுதி வைக்கிற பலகை ஒன்றை ஆள் வைத்துத் தூக்கிவந்தார். கப்பல் தலைவரே பக்கத்தில் நின்று தன்னுடைய தூரக்கண்ணாடியை அவருக்குக் கொடுத்தார்.

கத்தினால் கேட்கவில்லை, காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. நான் பலகையை நிமிர்த்திப் பிடிக்க, இவர் உட்கார்ந்தபடியே எழுதினார். முதலில், "சட்டம் தவறு" என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. அதற்குக் கீழே அந்தப் போக்கிரி எண், ஏழெட்டு இலக்கம்.

அவர் தூரக்கண்ணாடியில் பார்த்தார், காகிதத்தில் எழுதிக்கொண்டார், அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

நாங்கள் காத்திருந்தோம். வழக்கமாகக் கப்பலைச் சுற்றி வாழைப்பழமும் இளநீரும் விற்கிற சம்பான் படகுக்காரர்கள் அன்றைக்கு வியாபாரம் இல்லாமல் சும்மா நின்றவர்கள், ஒவ்வொருத்தராக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருத்தரும் பேசவில்லை. மேலே கம்பி ஓரத்தில் நின்ற பயணிகளும் பேசவில்லை. ஒரு மனுஷர் குனிந்து உட்கார்ந்து யோசிக்கிறதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசனை என்பதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பலகையில் பெரிதாக எழுதினார். இவர் படித்து எனக்குத் தமிழில் சொன்னார்: "கட்டுப்படுகிறது. கவலை வேண்டாம்!"

கம்பி ஓரத்தில் யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். நான் வாயெல்லாம் பல்லாக இவரைப் பார்த்தேன். இவர் சிரிக்கவில்லை. குழம்பிப்போய் என் மடியில் இருந்த பலகையை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடல் தண்ணீர் தெறித்து, நடுவில் இருந்த ஒரு ஏழின் தலைக்கோடு கரைந்துபோயிருந்தது. ஏழு ஒன்றாகியிருந்தது. அந்த மனுஷர் இவ்வளவு நேரம் சோதித்தது வேறொரு நல்ல எண்ணை.

"ஆயிருச்சுல்ல வாத்தியாரே? அவரே சரின்னுட்டாரு. போலாம்லா. அந்தா, மாத்தா படகு வருது!" என்றார் நானா.

திரும்பிப் பார்த்தால், போலீஸ் படகு புகை விட்டுக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? மேலே அத்தனை சந்தோஷம். பதக்கம் பத்திரம். பேரும் பத்திரம். கடலே வந்து ஒரு கோட்டை அழித்து, போங்கள், பிழைத்துப் போங்கள் என்று சொல்கிறது. ஒருத்தரும் குற்றம் சொல்ல முடியாது. இவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றார். ஆடுகிற படகில், தெருத்தண்ணீருக்கே பயப்படுகிற மனுஷர், இரண்டு காலையும் அகட்டி எழுந்து நின்றார். நானா, "யா அல்லா, உக்காருங்க!" என்று கத்தினார். நான் ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் அவர் இடுப்பு பெல்ட்டையும் பிடித்துக்கொண்டேன். சட்டைக் கையால் பலகை முழுவதையும் துடைத்தார். அந்த எண்ணை மறுபடி எழுதினார். ஒவ்வொரு இலக்கமும் என் முழங்கை உயரம். ஏழின் தலையில் மட்டும் மூன்று தடவை கோடு போட்டார். பிறகு பலகையைத் தானே வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

கைதட்டல் நின்றது.

போலீஸ் படகு பக்கத்தில் வந்துவிட்டது. தாடி வைத்த சீக்கியப் போலீஸ்காரர், "பெர்கி! பெர்கி!" என்று மலாயில் விரட்டினார். நான் மேலே கையைக் காட்டினேன். கப்பல் தலைவரே தொப்பியோடு நின்று எங்களைப் பார்ப்பதைக் கண்டதும் போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சர்க்கார் காரியமோ என்னவோ என்று நினைத்திருப்பார். மேலே ஒரு சலாம் வைத்துவிட்டு அவரும் எங்களோடு காத்துக்கொண்டு நின்றார். நான் தூக்குச்சட்டியைத் திறந்து இடியாப்பத்தை நீட்டினேன். முதலில் முறைத்தார். குருமா வாசனை மூக்குக்குப் போன பிறகு முறைக்கவில்லை.

இந்தத் தடவை அந்தப் பெரியவருக்கு வெகுநேரம் ஆகவில்லை. பென்சில் நின்றது. நின்றபடியே இருந்தது. அந்தத் தூரத்தில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன். நாலைந்து வருஷத்து உழைப்பு, தங்கப் பதக்கம், சீமையில் அவருக்காகக் காத்திருந்த சபை, எல்லாம் அந்தத் தோளில் இருந்து இறங்கியது. அதை இறக்கி வைத்தது என் வீட்டுக்காரர்.

என்ன செய்யப் போகிறாரோ? கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாரோ? காகிதத்தைக் கிழித்துப் போடுவாரோ?

அவர் எழுந்தார். கோட்டுப் பித்தானைப் போட்டார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். கம்பி ஓரத்துக்கு வந்து நேராக நின்று, கீழே ஒரு சின்னப் படகில் பலகையைத் தூக்கிக்கொண்டு தள்ளாடுகிற ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பார்த்து, இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார். உடனே நிமிரவில்லை. பீடத்துக்கு முன்னால் சாமியார் குனிந்து நிற்பாரே, அந்த மாதிரி குனிந்தே நின்றார். சம்பான்காரன் ஒருத்தன் தன் தலையில் இருந்த தொப்பியைத் தானாகவே கழற்றினான். ஏன் கழற்றினோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரர் பலகையைப் போட்டுவிட்டுக் கை கூப்பினார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அந்தப் பெரியவர் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார். "என்னாங்க எழுதியிருக்காரு?" என்று கேட்டேன்.

"நன்றின்னு எழுதியிருக்காரு. இடிஞ்சதுல மிச்சம் என்னா இருக்குன்னு பாப்போமான்னு கேக்குறாரு."

பார்த்தார்கள். பொழுது சாயும்வரை பார்த்தார்கள். இடிந்துபோன வீட்டுக்குள் புகுந்து, உடையாத சட்டி பானை இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி, இவர் ஒன்று எழுத, அவர் ஒன்று எழுத, இவர் தலையாட்ட, அவர் எழுதியதை அழிக்க. என் தோள் மரத்துப்போயிற்று. நானா பலகையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்ப் பயம் என் வீட்டுக்காரருக்கு எங்கே போனதோ, நின்றது நின்றபடியே எழுதினார். நடுவில் ஏதோ கொஞ்சம் கிடைத்திருக்க வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கிச் சிரித்தார்கள்.

கப்பல் ஊதியது. நங்கூரச் சங்கிலி ஏறுகிற சத்தம் கேட்டது. அவர் அவசர அவசரமாகக் கடைசியாக ஒரு வரி எழுதினார். இவர் படித்துவிட்டுச் சிரிப்பும் அழுகையுமாக என் பக்கம் திரும்பினார்.

"நீ நல்லா இருக்கியான்னு கேக்குறாரு, புள்ள."

நாள் பூராவும் பலகைக்குப் பின்னால் இருந்த என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. நான் பலகையை நானாவிடம் தள்ளிவிட்டு எழுந்து, கல்யாணச் சீலை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்த கோலத்தோடு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர் எனக்கும் ஒருமுறை குனிந்தார்.

மாசங்கள் கழித்துச் சீமையிலிருந்து கடிதம் வந்தது. முதல் முறையாக முழுக் கடிதத்தையும் எனக்குப் படித்துக் காட்டினார். அந்தப் பெரியவர் சபையில் எழுந்ததும் முதல் காரியமாக அந்த எண்ணைத்தான் பலகையில் எழுதினாராம். இதைக் கண்டுபிடித்தவர் பினாங்கில் இருக்கிறார், என்னோடு சேர்ந்து சட்டத்தைச் செய்தவரும் அவரே, உடைத்தவரும் அவரே என்று சொன்னாராம். பதக்கத்தைக் கொடுக்க வந்தபோது, அதற்கான காரணம் பினாங்குக் கடலில் மூழ்கிவிட்டது, ஆகையால் வாங்கிக்கொள்ள முடியாது என்றாராம். பிறகு அந்தச் சங்கத்தின் பத்திரிகையில் அந்த எண்ணும் என் வீட்டுக்காரர் பெயருமாக இரண்டே வரி வந்தது. அதை அவர் தடவித் தடவிப் பார்த்தார்.

எதிர்வீட்டு அக்கா விடுவாளா? "மெடலு எங்கடி?" என்று கேட்டாள். "கடல்ல விழுந்துருச்சுக்கா" என்றேன். நானாவுக்கும் ஒரு வருத்தம் உண்டு. அந்த எண்ணில் ஒரு லாட்டரிச் சீட்டைத் தேடித் தேடிப் பார்த்தாராம், கிடைக்கவே இல்லை.

அப்புறம் சண்டை வந்தது. அதே கடலுக்கு மேலே, அதே நாட்டு விமானங்கள் பறந்து வந்து குண்டு போட்டன. ஊரே ஜப்பான்காரனைச் சபித்தது. நானும் சபித்தேன், சபிக்காமல் இருக்க முடியாது, என் தெருவில் பிணங்களைப் பார்த்தவள் நான். ஆனால் ஒவ்வொரு தடவை சபித்து முடித்ததும், ஒருத்தரை மட்டும் விட்டுவிடு சாமி என்று சேர்த்துக்கொள்வேன். சண்டை முடிந்ததும் என் வீட்டுக்காரர் அந்தப் பழைய விலாசத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். கண்ணை மூடுகிறவரைக்கும் அவ்வப்போது எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். தப்பு என்று சுட்டிக்காட்டினால் மனுஷர்கள் என்னென்ன செய்வார்கள் என்று நிறையப் பார்த்துவிட்டேன். கத்துவார்கள், கதவைச் சாத்துவார்கள், சுட்டிக்காட்டியவன் விரல் கோணல் என்பார்கள். நானும் யோக்கியமில்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று மருமகள் சொன்னால்கூட எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் வாய்வரைக்கும் வருவதற்குள், கப்பல் கம்பிக்குப் பின்னால் குனிந்து நின்ற ஒரு கறுப்புக் கோட்டின் முதுகு என் கண்ணுக்குள் வந்துவிடுகிறது, கோபமும் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.